அத்தியாயம் 6: ஓடை தூராமல் இருக்க
நீரிழிவும் இரத்தக் குழாய்களும் உடற்பயிற்சியும்

"எக்சசைஸ் செய்யிறீங்களோ ஐயா?" என்று கிளினிக்கில் கேட்டால் விடத்தல்தீவில் வரக்கூடிய பதில் நமக்குத் தெரிந்ததுதான். "இரவிரவா வலை இழுக்கிறன். அதுக்கு மேல என்ன எக்சசைஸ், மகள்?" வாடியில் காலை முழுவதும் வலையிலிருந்து நண்டு கழற்றும் அக்காவும் இதையே வேறு சொற்களில் சொல்வார்: "நிண்டு நிண்டே கால் செத்துப்போச்சு. இனி நடக்கவும் வேணுமோ?"

இந்தப் பதிலில் பாதி சரி. உழைக்கிற உடல் சும்மா இருக்கிற உடலைவிட மேல். மீதிப் பாதிக்காகத்தான் இந்த அத்தியாயம். நீரிழிவு வந்தவரின் இரத்தக் குழாய்களுக்கு வேண்டியது களைப்பு இல்லை, ஓட்டம். ஒரே சீராக, மூச்சு சற்று ஏறும் அளவில், வாரத்தில் பல நாள், மாதக் கணக்கில் கிடைக்கிற இரத்த ஓட்டம். அதை நம் ஊர் வாழ்க்கைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

ஓடையும் குழாயும்

கண்டல்களுக்குள் போகும் ஓடைகளில் வள்ளம் தாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. வற்றும் பெருக்கும் தடையில்லாமல் வந்துபோகும் ஓடை ஆழமாகவே கிடக்கும். எங்காவது நீரோட்டம் மறிபட்டால் சேறு படியும். சில வருடங்களில் அங்கே வள்ளம் தட்டும், பிறகு ஓடையே தூர்ந்துபோகும்.

இரத்தக் குழாயும் ஓட்டத்தை நம்பியே இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடும். வேகமாக நடந்தால் குழாயில் படிந்த கொழுப்பை இரத்தம் அடித்துக்கொண்டு போகும் என்று நினைக்கக் கூடாது. நடப்பது வேறொன்று. குழாயின் உட்புறத்தில் ஒற்றைக் கல அடுக்காக ஒரு மெல்லிய உறை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அதன் பெயர் அகவணி. தன்மேல் இரத்தம் உரசிப்போவதை அது உணரும். உரசல் கூடினால் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சுரக்கும். அந்த வாயு குழாய்ச் சுவரின் தசையைத் தளரச் செய்ய, குழாய் விரியும். இரத்தம் கட்டிபடுவதையும், சுவரில் வெண்கலங்கள் ஒட்டிக்கொள்வதையும் அதுவே குறைக்கிறது.

இது தெரியவந்தது அண்மைக் காலத்தில்தான். 1980 இல் அமெரிக்காவில் றொபேட் ஃபர்ச்கொட் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். உள்ளுறை சேதமில்லாமல் இருந்த துண்டு மருந்துபட்டதும் தளர்ந்தது. உறை தேய்ந்துபோன துண்டு அதே மருந்துக்குச் சுருங்கியது. அந்த உறை அனுப்பும் செய்தி நைத்திரிக் ஒட்சைட்டு என்று பின்னர் தெளிவாயிற்று. அதற்காக 1998 இல் ஃபர்ச்கொட்டுக்கும் லூயிஸ் இக்னாறோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நீரிழிவில் பாதிப்புத் தொடங்குவது இந்த உறையில்தான். இரத்தத்தில் சீனி உயர்ந்தே நின்றால், உறை சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு வேலை செய்யுமுன்பே அழிந்துபோகிறது. இன்சுலினுக்கு உடல் சரியாகக் கீழ்ப்படியாததால் சுரப்பும் குறைகிறது. குழாய் விரிய மறக்கிறது, விறைக்கிறது, கொழுப்புப் படிய இடங்கொடுக்கிறது. பெரிய குழாய்களில் இது மாரடைப்பாகவும் பாரிசவாதமாகவும் கால் அடைப்பாகவும் முடியும். நுண்ணிய குழாய்களில் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்து நரம்பையும் தொடும். "சீனி வருத்தம்" என்று நாம் சொல்வது பாதிக்குமேல் இரத்தக் குழாய் வருத்தம்தான்.

பயிற்சி எவ்வளவு மாற்றும்?

அகவணியின் நலத்தைக் கத்தியில்லாமல் அளக்கலாம். முன்கையில் பிரஷர் பட்டியைக் கட்டி ஐந்து நிமிடம் இரத்தத்தை நிறுத்திவிட்டுத் திடீரென விடுவார்கள். இரத்தம் பாய்ந்து வரும்போது மேற்கை நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கான் கருவியால் பார்ப்பார்கள். நல்ல உறை என்றால் நாடி தாராளமாக விரியும். கெட்டுப்போன உறை என்றால் அசையாது.

மேற்கு அவுஸ்திரேலியாவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 16 பேரிடம் இதை அளந்து 2001 இல் வெளியிட்டார்கள். பயிற்சிக்கு முன் நாடி விரிந்த அளவு 1.7 சதவீதம். நடை, சைக்கிள், பாரம் தூக்கல் ஆகியவற்றைச் சேர்த்து எட்டு வாரம் பயிற்சி செய்தபின் 5 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் அதன்பின் பல நாடுகளில் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையைக் காட்டுகின்றன. மறந்துபோன குழாய்க்கு விரியும் பழக்கத்தைச் சில வாரங்களில் திரும்பக் கற்றுக்கொடுக்க முடியும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, கற்றதைக் குழாய் விரைவில் மறக்கும். பயிற்சியை விட்டால் கிடைத்த பயன் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். ஆகவே ஒரு மாதம் ஓடி ஓய்வதைவிட வருடம் முழுவதும் நடப்பது மேல்.

இரண்டாவது, விரியும் ஆற்றல் திரும்பும் அளவுக்கு விறைப்பு எளிதில் குறைவதில்லை. பல வருட நீரிழிவில் பெருநாடிச் சுவரே தடித்து இறுகியிருந்தால், நடை மட்டும் அதை இளக்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பிரஷர் மருந்து அங்கே கட்டாயம்.

மூன்றாவது, பயிற்சி மருந்துக்குப் பதிலாகாது. அமெரிக்காவில் 2001 இல் தொடங்கிய 'லுக் அஹெட்' ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவும் அதிக எடையும் உள்ள 5145 பேர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் தீவிரமாகக் கடைப்பிடித்தார்கள். அவர்களின் எடை குறைந்தது, சீனி இறங்கியது, உடல் வலு கூடியது. மாரடைப்பும் பாரிசவாதமும் மட்டும் மற்றவர்களைவிடக் குறையவில்லை. அதனால் 2012 இல் ஆய்வை நிறுத்தினார்கள். இதை வைத்து "எக்சசைஸ் வீண்" என்று சொல்வது தவறு. இரு பகுதியினருமே பிரஷருக்கும் கொழுப்புக்கும் நல்ல மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு அதிலுள்ள பாடம் இதுதான்: நடக்கத் தொடங்கினேன் என்பதற்காகக் கிளினிக்கில் தந்த குளுசையை விடக் கூடாது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவற்றை விடாமல் நடப்பது, ஓடையின் ஒரு பக்கத்தை வெட்டிக்கொண்டே மறுபக்கம் மண் கொட்டுவதற்குச் சமம்.

தொழில் வேறு, பயிற்சி வேறு

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வலை இழுப்பது ஏன் போதாது?

ஒரு தொழில் இரவைக் கணக்கிட்டுப் பாருங்கள். வள்ளத்தில் இயந்திரம் ஓட, நாம் இருந்து போகிறோம். வலை விடுகிறோம், காத்திருக்கிறோம். இழுக்கும்போது கையும் முதுகும் மூச்சை அடக்கி முழுப் பலத்தோடு வேலை செய்கின்றன. அந்த நேரம் பிரஷர் ஏறும். பிறகு மறுபடி இருக்கை. உடலின் மிகப் பெரிய தசைகளான தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தொடர்ந்து வேலை கிடைப்பதில்லை. துடுப்பும் பாயும் பிடித்த காலத்திலும், ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போன காலத்திலும் கிடைத்த ஓட்டம் இப்போது இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போய்விட்டது. வாடியில் நிற்பவருக்கும் இதே கதைதான். நிற்கிற காலில் இரத்தம் தேங்கும், ஓடாது. இரவு விழிப்பும், தூக்கத்தை விரட்டக் குடிக்கும் சீனித் தேநீரும் இதற்கு மேலதிகம்.

நாட்டின் நிலையும் இதையே சொல்கிறது. 2005–2006 இல் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. ஏழு மாகாணங்களில் எடுத்த கணக்கு அது. போர் நடந்துகொண்டிருந்த வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2009க்குப் பின் வெறும் கையோடு ஊர் திரும்பியவர்களின் சீனி அந்தக் கணக்கில் சேரவில்லை. அதனால் "எங்கட ஊரில அவ்வளவு இல்லை" என்று ஆறுதல்பட இடமில்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரிகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் கிளினிக்கில் கேட்க வேண்டியவை

மெதுவான நடைக்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். அதைவிட வேகமாக எதையும் தொடங்குமுன், அடுத்த கிளினிக் நாளில் கொப்பியைக் கொடுக்கும்போதே இவற்றைக் கேளுங்கள்.

1. பிரஷர் எவ்வளவு? 180/110க்கு மேல் நின்றால் முதலில் மருந்து, பிறகுதான் பயிற்சி.

2. நெஞ்சு இறுக்கம், படி ஏறினால் அளவுக்கு மீறிய மூச்சு வாங்கல், தலைசுற்றல் இருந்ததா? இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நீண்டகால நீரிழிவில் நரம்பு கெட்டு, நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வெறும் வியர்வை, மூச்சு முட்டல், குமட்டல் மட்டுமே அடையாளமாக இருக்கக்கூடும்.

3. கண் பார்த்தாயிற்றா? விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்தோ இரத்தம் கசிந்தோ இருந்தால், சிகிச்சை முடியும்வரை பாரம் தூக்கலும் மூச்சடக்கலும் தலைகீழாகக் குனிவதும் வேண்டாம். நடை நல்லது.

4. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா? மெல்லிய நைலோன் நரம்பால் பாதத்தைத் தொட்டு ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். பாதத்து நாடியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. நான் எடுக்கும் மருந்து சீனியைத் திடீரென இறக்கக்கூடியதா? மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், டொல்புற்றமைட், இன்சுலின் எடுப்பவர்கள் கீழே வரும் "சீனி இறங்கினால்" பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

சர்வதேச வழிகாட்டிகள் சொல்லும் இலக்கு எளிமையானது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு அல்லது மூன்று நாள் தசைப் பலப் பயிற்சி. தொடர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் காரணம் உண்டு. வேலை செய்யும் தசை இன்சுலின் துணையில்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் இன்சுலினுக்கு நன்றாகக் கீழ்ப்படியும். மூன்றாம் நாள் அந்தப் பயன் தீர்ந்துவிடும்.

மிதமான வேகம் என்றால் என்ன? நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. கதைக்கவே முடியாவிட்டால் அது கூடிப்போயிற்று.

முதல் இரண்டு வாரம்: காலை, மதியம், இரவுச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் பின் 5 நிமிட நடை. முற்றத்தில் நடந்தாலும் போதும். உடலைவிட மனம் பழகுவதுதான் இப்போது முக்கியம்.

மூன்றாம், நான்காம் வாரம்: ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம். நியூசிலாந்தில் நீரிழிவு உள்ள 41 பேரிடம் செய்து 2016 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. விரும்பிய நேரத்தில் ஒரேயடியாக 30 நிமிடம் நடந்தபோது இருந்ததைவிட, சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தபோது உணவுக்குப் பிந்திய சீனி சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம் குறைந்தது. இரவில் புட்டோ இடியப்பமோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ரீவிக்கு முன் சாயும் பழக்கம் உள்ள நமக்காகவே செய்த ஆய்வுபோல் இருக்கிறது.

ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை: வாரத்தில் ஐந்து நாள், ஒரு வேளை நடையை 30 நிமிடமாக நீட்டுங்கள். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. இரண்டு நாள் பலப் பயிற்சியையும் சேருங்கள்.

ஒன்பதாம் வாரம் முதல்: 30 நிமிட நடைக்குள் மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவு என்று மாற்றி மாற்றி நடக்கலாம். டென்மார்க்கில் நீரிழிவு உள்ளவர்களை நான்கு மாதம் இப்படி நடக்கவைத்துப் பார்த்து, 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களின் சீனிக் கட்டுப்பாடும் உடல் வலுவும் நன்றாக இருந்தன. மணிக்கூடு தேவையில்லை. ஒரு மின்கம்பத்திலிருந்து சில கம்பங்கள் தள்ளி வேகமாக, பிறகு அதே தூரம் மெதுவாக என்று வைத்துக்கொள்ளலாம். இதய வருத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் படிக்குப் போகக் கூடாது.

தொழிலுக்குப் போகும் இரவுகளில் இது எப்படி முடியும்? கரைக்கு வந்து, மீன் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் படுங்கள். வள்ளத்தில் காத்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை இருந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி வையுங்கள், முழங்காலை நீட்டி மடக்குங்கள். நீண்ட இருக்கையை இப்படி உடைப்பதே கால் குழாய்களுக்கு நன்மை. நீண்ட நடை தொழில் இல்லாத நாளுக்கு இருக்கட்டும்.

வீட்டில் பலப் பயிற்சி

தசைதான் சீனியைச் சேர்த்துவைக்கும் பெரிய களஞ்சியம். வயதோடு தசை கரைந்தால் களஞ்சியமும் சிறுக்கும். ஜிம் வேண்டாம், கதிரையும் சுவரும் இரண்டு போத்தலும் போதும். ஒவ்வொன்றையும் 10 முறை, பழகியபின் இரண்டு மூன்று சுற்று.

கதிரையில் இருந்து எழும்பல்: கையூன்றாமல் எழும்பி, மெதுவாக இருத்தல். முடியாவிட்டால் முதலில் கையூன்றலாம்.

சுவர்த் தள்ளல்: சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் வைத்து, முழங்கையை மடக்கிச் சாய்ந்து திரும்பத் தள்ளுதல்.

குதிகால் தூக்கல்: கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு விரலில் எழும்பி இறங்கல். கெண்டைக்கால் தசை கால் இரத்தத்தை மேலே தள்ளும் பம்பி.

போத்தல் தூக்கல்: ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலின் பாரம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கையை மடக்கித் தோள்வரை தூக்கி இறக்குதல்.

ஒற்றைக்கால் நிலை: சுவருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு காலிலும் 10 விநாடி. உணர்ச்சி குறைந்த பாதம் உள்ளவர்கள் விழாமலிருக்க இது உதவும்.

ஒரு விதியை மறக்க வேண்டாம்: எண்ணுவதை வாய்விட்டு எண்ணுங்கள். சத்தமாக எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்காவிட்டால் பிரஷர் திடீரென ஏறாது. வலை இழுக்கும்போதும் "ஏலேலோ" என்று குரல் கொடுத்து இழுக்கும் வழக்கம் இந்த வகையிலும் நல்லது.

வீதியில் தனியே நடக்கக் கூச்சப்படும் பெண்கள் நம்மிடையே உண்டு. நாலு பேர் சேர்ந்தால் கூச்சம் போகும், நாயும் கிட்ட வராது. கோயில், தேவாலய, பள்ளிவாசல் வளவுகளையும் பாடசாலை மைதானத்தையும் கேட்டுப் பயன்படுத்தலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் வீட்டைச் சுற்றி நடந்தாலும் குழாய்க்கு வித்தியாசம் தெரியாது.

சீனி இறங்கினால்

இன்சுலினோ மேலே சொன்ன குளுசைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. குளுக்கோமீற்றர் இருந்தால் புறப்படுமுன் பாருங்கள். 90க்குக் கீழே என்றால் மூன்று மாரி பிஸ்கட்டோ ஒரு சிறிய வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 300க்கு மேலிருந்து, உடம்பும் சரியில்லாமல், தாகமும் வாந்தியும் இருந்தால் அன்று பயிற்சியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருவி இல்லாதவர்கள் சாப்பிட்டு அரை மணிக்குள் நடப்பதையே வழக்கமாக்கினால் பயமில்லை.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை சீனி இறங்கியதன் அடையாளங்கள். உடனே இருந்துவிடுங்கள். மூன்று நான்கு தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. பிறகு கொஞ்சம் சோறோ பாணோ சாப்பிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பிரஷருக்கு அற்றனோலோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குப் படபடப்புத் தெரியாமல் போகலாம். அவர்கள் வியர்வையைக் கவனிக்க வேண்டும்.

கடலுக்குப் போகும்போது மூடி இறுக்கமான ஒரு சிறு போத்தலில் சீனி எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும். நீரிழிவு இருப்பதைக் கூட வருபவருக்குச் சொல்லி வையுங்கள். கரையிலிருந்து தூரத்தில் தனியாக மயங்கி விழுவது சீனியைவிடப் பெரிய ஆபத்து.

பாதம்

விடத்தல் என்பதே முள்மரம். ஊரின் பெயரிலேயே முள் இருக்கிறது. கரையில் சிப்பியும் மட்டி ஓடும், கண்டலுக்குள் சேற்றிலிருந்து குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களும், கலங்கிய தண்ணீரில் திருக்கையும் இருக்கின்றன. உணர்ச்சியுள்ள பாதம் "ஆ" என்று தூக்கிக்கொள்ளும். உணர்ச்சி போன பாதம் குத்திய முள்ளோடே வீட்டுக்கு வரும். மூன்று நாள் கழித்து மணம் வந்த பிறகுதான் காயம் தெரியும்.

ஆகவே பயிற்சி நடை எப்போதும் மூடிய சப்பாத்தோடு. புதிதாக வாங்குவதென்றால் பின்னேரம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தண்ணீரில் இறங்கும் தொழிலென்றால் அடி தடித்த, காலைப் பிடித்திருக்கும் செருப்போ இறப்பர்ச் சப்பாத்தோ போட்டு இறங்குங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். இரவில் விளக்கடியில் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தின் அடியைப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விறைத்த காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாத தோல் வெந்துபோகும். சிறு காயத்தையும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். காயம் ஆறும்வரை அந்தக் காலில் நடைப் பயிற்சி கூடாது. கதிரையில் இருந்தபடி கைப் பயிற்சி செய்யலாம்.

நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறதா?

ஒரு குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? இது வாயுவோ பனிக்குளிரோ செய்யும் வேலை என்று எண்ணெய் பூசிக்கொண்டிருக்க வேண்டாம். காலுக்குப் போகும் நாடி ஒடுங்கியிருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிட்டால் தெரியும். கணுக்கால் அளவு கையளவில் 0.9 பங்குக்குக் குறைந்தால் அடைப்பு உண்டு. நீரிழிவில் நாடிச்சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகினால் இந்த அளவு பொய்யாகக் கூடியும் காட்டும். அதனால் "நோர்மல்" என்று வந்தும் வலி நீடித்தால் திரும்பக் காட்டுங்கள்.

இதற்குப் பயிற்சியே மருந்து என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முறை இது: வலி நன்றாக வரும்வரை நடக்க வேண்டும். வந்ததும் நின்று, வலி முற்றாக விடும்வரை காத்திருந்து, மறுபடி நடக்க வேண்டும். நிற்பதையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். அடைபட்ட நாடி திறக்காது. ஆனால் பக்கத்துச் சிறு குழாய்கள் பெருத்து வழிவிடும், தசையும் கிடைக்கிற இரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகும். வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும்.

இரவில் படுத்திருக்கும்போதே கால் வலித்து, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் சுகமாக இருந்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாமல் நின்றாலோ இந்த முறை பொருந்தாது. அது உடனே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டிய கால்.

வெயில், காற்று, மாரி, நோன்பு

காலை ஏழு மணிக்குமுன் அல்லது மாலை ஐந்துக்குப் பின் நடங்கள். நீரிழிவு வியர்வையையும் தாகத்தையும் குழப்பும். தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள். பூநகரி வீதியில் வாகனங்கள் வேகமாக வரும். வலப்பக்கமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு.

நோன்பு காலத்தில், சீனியை இறக்கும் மருந்து எடுப்பவர்கள் நோன்பு திறக்குமுன் பயிற்சி செய்யக் கூடாது. மருந்து நேரத்தையும் அளவையும் நோன்பு தொடங்குமுன்பே கிளினிக்கில் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு திறந்தபின் நடக்கலாம். தராவீஹ் தொழுகையின் நிலையும் குனிவும் அன்றைய அசைவுக் கணக்கில் சேரும்.

உடனே நிறுத்துங்கள்

நெஞ்சில் இறுக்கம் அல்லது தாடை, இடக்கை, நடு முதுகு வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல், மயக்கம், பார்வையில் திடீரெனக் கறுப்பு நூல்கள் மிதத்தல், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்தல், பேச்சுக் குழறல். இவற்றில் ஒன்று வந்தாலும் "கொஞ்சம் பார்ப்பம்" என்று இருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அளந்து பாருங்கள்

தொடங்கும் நாளில் நான்கு விடயங்களைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஆறு நிமிடத்தில் எத்தனை மின்கம்பம் தாண்ட முடிகிறது. இடுப்புச் சுற்றளவு எவ்வளவு (நம்மவருக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது). பிரஷர் எவ்வளவு (பலருக்கு இலக்கு 130/80க்குக் கீழ்). மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு (பலருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழ்). பன்னிரண்டாம் வார முடிவில் மறுபடி எழுதுங்கள். அகவணி விரிவதை நம் ஊரில் அளக்க வசதியில்லாவிட்டாலும் இந்த நான்கும் திரும்பினால் குழாயும் திரும்புகிறது என்று கொள்ளலாம். எடை குறையவில்லை என்று மனம் சோர வேண்டாம். எடை அசையாமலே குழாய்கள் தேறுவதுண்டு.

மாரியில் பாதை வெள்ளமாகும், காய்ச்சல் வரும், வீட்டில் ஒரு சாவு வீடோ கலியாண வீடோ வரும். பயிற்சி நின்றுபோகும். அது குற்றமில்லை. நின்றுபோனது இரண்டு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்துக்குச் சற்று முன்பிருந்து தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பழைய நேரத்தில் பாதியில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். கொப்பியில் தொடங்கிய திகதியை மட்டும் புதிதாக எழுதுங்கள். ஒரு கொப்பியில் ஐந்து ஆறு தொடக்கத் திகதிகள் இருந்தால் அது தோல்விக் கணக்கல்ல. ஓடை தூரத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் யாரோ இறங்கி வழி திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பதற்கான பதிவு அது.